சுருதி மட்டும் ஒலிக்கும்போது: ஓர் இசைத்தொகுப்பைப்பற்றிய இறையியல் திறனாய்வு

இறையியல் ஏட்டில் இசைத்தொகுப்பு ஒன்றைத் திறனாய்வு செய்வது வழக்கமன்று. செய்தாலும், ஞானப்பாட்டுகளோ கீர்த்தனைகளோ அடங்கிய தொகுப்பையே வாசகர் எதிர்பார்ப்பர். இங்கு நாம் எடுத்துக்கொள்வது கிறிஸ்தவ வழிபாட்டுக்கென்று உருவானதன்று; பாடல் வரிகளைச் சார்ந்து நிற்பதுமன்று. ஷீலா சந்திரா என்னும் பாடகி 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஏபோன்க்ரோன்ட்ரோன்' என்னும் தொகுப்பு, பாட்டுக்குப் பின்னணியாக நிற்கும் சுருதியையே முன்னணிக்குக் கொண்டுவந்து கேட்கச்செய்யும் ஒரு சோதனை முயற்சி. இதனை இவ்வேட்டில் ஆராயப் புகுவதற்குக் காரணம் ஒன்றே. வார்த்தையின் திருச்சபை என்று தன்னைக் கருதும் நம் திருச்சபை, வார்த்தையற்ற ஒலியையும் ஒலியற்ற மௌனத்தையும் எவ்வாறு மதிப்பிடுவது என்னும் கேள்வியை இத்தொகுப்பு நம்முன் வைக்கிறது.

திருவண்ணாமலையில் ஊழியம் செய்யும் நமக்கு இக்கேள்வி வெறும் நூலறிவைச் சார்ந்ததன்று. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர்ப் பாதையில் மக்கள் வெள்ளமெனத் திரண்டு நடக்கின்றனர். ஒலிபெருக்கிகளும் வணிகர் கூவலும் வாகன ஒலியும் ஒன்றையொன்று மிஞ்சப் பார்க்கின்றன. அதே பாதையோரத்தில்தான் மௌனத்தையே தலையாய உபதேசமாகக் கொண்டவர் என்று போற்றப்படும் ரமணரின் ஆசிரமமும் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, டேனிஷ் மிஷனின் உழைப்பால் வேரூன்றிய லுத்தரன் திருச்சபை மக்களாகிய நாம் ஞாயிறுதோறும் பாடுகிறோம், வாசிக்கிறோம், பிரசங்கிக்கிறோம். மௌனம் அவர்களுடையது, வார்த்தை நம்முடையது என்று பாகம் பிரித்துக்கொண்டு வாழ நாம் பழகிவிட்டோம். இந்தப் பாகப்பிரிவினை திருமறைக்கு ஒத்ததுதானா என்பதே இக்கட்டுரையின் அடிப்படையான வினா.

1. பாடகியும் தொகுப்பும்

ஷீலா சந்திரா 1965-இல் இலண்டனில், தென்னிந்தியாவிலிருந்து குடியேறிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1982-இல் 'மான்சூன்' என்னும் குழுவில் அவர் பாடிய 'எவர் ஸோ லோன்லி' என்ற பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 12-ஆம் இடம்வரை உயர்ந்தது. இந்திய இசையும் மேலைநாட்டு மெல்லிசையும் கலந்த அப்பாட்டின் வெற்றிக்குப்பின், எத்தகைய இசையைத் தருவது என்பதில் குழுவுக்கும் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் கருத்து வேற்றுமை எழுந்தது. அவ்வாண்டிலேயே குழு கலைந்தது. அதன்பின் அவர் பெரிய நிறுவனங்களை விட்டு, ஸ்டீவ் கோ நடத்திய 'இன்டிபாப்' என்னும் சிறிய சுயேச்சை வெளியீட்டகத்தின் வாயிலாகத் தம் இசைத்தட்டுகளை வெளியிட்டார். அவற்றுள் 1984-இல் வெளிவந்த ஒன்றின் பெயர் 'குவையட்', அதாவது அமைதி. அதில் பொருள் தரும் சொல் ஒன்றுமில்லை. குரல் கருவிகளுள் ஒரு கருவியாகவே ஒலிக்கிறது. அதன் பகுதிகளுக்குத் தனித்தனிப் பெயர்களும் இல்லை, எண்களே உண்டு. வணிக உலகம் தன் குரலுக்கு விலை கூறிய காலத்தில், இளம்பெண் ஒருத்தி சொல்லைத் துறந்து அமைதி என்று பெயரிட்டது கவனிக்கத்தக்கது. அது அவர் தாமே தேர்ந்துகொண்ட மௌனம்.

பின்னர், பீட்டர் கேப்ரியல் 1989-இல் தொடங்கிய 'ரியல் வேர்ல்ட்' வெளியீட்டகத்துக்காக மூன்று தொகுப்புகளை 1992, 1994, 1996 ஆகிய ஆண்டுகளில் அவர் அளித்தார். முதலிரண்டிலும் குரலே ஆட்சி செய்கிறது. அதற்குத் துணையாகப் பெரும்பாலும் சுருதி ஒன்றே நிற்கிறது. நம் மிருதங்க மரபின் சொற்கட்டுகளைத் தழுவி அவர் அமைத்த துண்டுகள் அவ்விரண்டிலும் உண்டு. அவற்றுக்கு 'அந்நிய பாஷைகளில் பேசுதல்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை அவர் இட்டார். பெந்தெகொஸ்தே அனுபவத்தைப்பற்றி ஓயாது வழக்காடும் நமக்கு இத்தலைப்பு புதியதன்று. இதனைப் பின்னர்க் காண்போம்.

மூன்றாவதாகிய 'ஏபோன்க்ரோன்ட்ரோன்' இன்னும் ஒரு படி துணிந்து செல்கிறது. எலும்பு, மூதாட்டி, இடையறாது ஒலிக்கும் சுருதி ஆகிய மூன்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து ஆக்கிய பெயர் இது. இக்காலத்தில் 'ட்ரோன்' என்றதும் வானில் பறக்கும் பொறியே நினைவுக்கு வரும்; இங்கோ அச்சொல் அதன் பழைய பொருளில், நில்லாமல் நீளும் ஒற்றை ஒலியைக் குறிக்கிறது. தொகுப்பில் ஆறு பகுதிகள். இங்கும் எண்களே பெயர்கள். முதலிரு தொகுப்புகளில் குரலுக்கு ஊழியம் செய்த சுருதி, இங்கே குரலைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. சுருதி ஒலிகள் அடுக்கடுக்காக எழுந்து, செறிந்து, மெல்ல நிறம் மாறுகின்றன. அவற்றின் ஊடே குரல் தோன்றும்போதும், சுருதிக்குள் முன்னரே இருந்த ஒன்றை நமக்குச் சுட்டிக்காட்டுவதற்கே தோன்றுகிறது.

இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் விடலாகாது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வாயில் தீராத எரிச்சலை உண்டாக்கும் நோயினால் ஷீலா சந்திரா பாடும் ஆற்றலை இழந்தார். பேசுவதும் அவருக்கு வேதனை தருவதாயிற்று. இதனை அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். அமைதி என்று ஒரு தொகுப்புக்குப் பெயரிட்டவர்மேல் பின்னாளில் வேறொரு மௌனம் சுமத்தப்பட்டது. இரண்டும் ஒன்றாகா. இந்த வேறுபாடு நம் ஆய்வுக்கு மிக முக்கியமானது.

2. சுருதி செய்யும் வேலை

நம் நாட்டு இசையில் சுருதி எங்கும் உண்டு. அதனைக் கேட்பவர்தாம் அரியர். கச்சேரியில் பாடகரின் பின்னே தம்புரா ஒலிக்கிறது. அதனை மீட்டுபவரின் பெயரை எவரும் நினைவில் வைப்பதில்லை. கோயில் நாகசுரத்தோடு ஒத்து என்னும் குழல் ஒன்று இடையறாது ஊதப்பட்டுவந்தது. அப்பணி பெரும்பாலும் இளைய மாணவனுக்கே விடப்பட்டது. பின்னர் மின்சாரச் சுருதிப்பெட்டி வந்து அவனையும் வீட்டுக்கு அனுப்பியது. பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை 'ஒத்து ஊதுகிறான்' என்று நம் மொழி ஏளனம் செய்கிறது. தாங்கி நிற்பவனை இகழ்வதும் தாங்கப்படுபவனைப் புகழ்வதும் நம் வழக்கில் எவ்வளவு ஆழப் பதிந்துள்ளன என்பதற்கு இந்த ஒரு தொடரே சான்று. இந்த வழக்கத்தைத்தான் இத்தொகுப்பு தலைகீழாக்குகிறது: ஒத்து ஊதியவன் நடுமேடையில் அமர்த்தப்படுகிறான்.

அவ்வாறு அமர்த்தியபின் நிகழ்வது யாது? சுருதி ஒற்றை ஒலியன்று என்பதைச் செவி கண்டுகொள்கிறது. தம்புராவில் நான்கு தந்திகள். பஞ்சமம், சாரணைகள் இரண்டு, மந்தர ஷட்ஜம் என்பது வழக்கமான அமைப்பு. காந்தாரத்துக்கென்று அதில் தந்தி இல்லை. எனினும் மந்தரத் தந்தியை மீட்டிப் பொறுமையோடு கேட்டால், எவரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழுந்து ஒலிக்கும். தானே தோன்றுவதால் அதனைச் சுயம்பு காந்தாரம் என்று இசைநூலார் அழைத்தனர். குதிரையின் வளைந்த முகப்பும் தந்திக்கடியில் இடும் நூலிழையும் இதற்குத் துணைசெய்கின்றன. அந்நூலுக்கு ஜீவா என்றே பெயர். சாதாரணமாகத் தந்தியொன்றில் எழக்கூடாதெனப் பௌதிக விதி கூறும் மேலொலிகளும் இக்குதிரையின் அமைப்பால் வலுவாக எழுவதை சி. வி. இராமன் 1921-இல் எடுத்துக்காட்டினார். ஆகவே சுருதிக்குள் இராகம் கேட்பது மனமயக்கம் அன்று. அங்கே உண்மையாகவே ஒலி இருக்கிறது. நம் செவிதான் அங்கில்லை.

ஷீலா சந்திராவின் நோக்கமும் இதுவே. சுருதியினுள் தாம் கேட்கும் மெட்டுகளைக் குரலால் தொட்டுக்காட்டி, கேட்போர் தாமும் அவற்றைக் கண்டடையும்படி அவர் அழைக்கிறார். இவ்வகையில் இத்தொகுப்பு 'ஆம்பியன்ட்' எனப்படும் சூழலிசையினின்று வேறுபடுகிறது. பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்கென அமைத்த இசையினால் இச்சொல் பரவிற்று. விரும்பினால் கவனிக்கவும், விரும்பாவிடில் கவனியாது விடவும் இடந்தரும் இசையே அவர் கருதியது. ஷீலா சந்திராவின் தொகுப்பையும் பின்னணியில் ஓடவிடலாம். ஆனால் அப்போது அது வெறும் இரைச்சலாகவே நிற்கும். செவிகொடுப்பவனுக்கு மாத்திரமே அது இசையாகிறது. சுருக்கமாகச் சொன்னால், சூழலிசை அறையை நிரப்புகிறது. இத்தொகுப்போ செவியைப் பயிற்றுகிறது.

'சுருதி' என்ற சொல்லுக்குக் கேட்கப்பட்டது என்பது பொருள். அதனால் வேதத்துக்கும் அதுவே பெயர், ஆதார ஒலிக்கும் அதுவே பெயர். ரோமர் 10:17-இல் விசுவாசத்தின் பிறப்பைக் கூறும் பவுல் வழங்கும் 'அகொயே' என்னும் கிரேக்கச் சொல்லும் இத்தகையதே. கேட்டல் என்னும் செயலையும் கேட்கப்பட்ட செய்தியையும் அது ஒருங்கே குறிக்கும். சீர்திருத்தத் திருச்சபைகள் கேட்கப்பட்ட செய்தியை ஆழ்ந்து ஆராய்ந்துள்ளன. கேட்டல் என்னும் செயலை அவ்வளவு ஆராய்ந்தனவா? இறையியற் கல்லூரிகளில் பிரசங்கக் கலைக்குப் பாடம் உண்டு; செவிகொடுக்கும் கலைக்கு எங்கே பாடம்? இத்தொகுப்பு நமக்குப் போதிக்கும் முதற்பாடம் இக்குறையே.

3. பவுலின் மறுப்பு

எனினும் நாம் விரைந்து புகழ்ந்துவிடலாகாது. 1 கொரி. 14:7-8-இல் அப்போஸ்தலன் எழுப்பும் மறுப்பு இவ்விசையை நேராகத் தாக்குகிறது. குழலோ சுரமண்டலமோ ஓசைகளில் வேறுபாடு காட்டாவிட்டால், ஊதப்பட்டதும் வாசிக்கப்பட்டதும் இன்னதென்று எவ்வாறு அறியப்படும் என்கிறார் அவர்; எக்காளம் தெளிவற்று முழங்கினால் எவனும் போருக்கு ஆயத்தமாகான் என்றும் சேர்க்கிறார். வேறுபாடு காட்டாத ஓசைக்குச் சுருதியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டோ? பாடகி தம் சொற்கட்டுகளுக்கு அந்நிய பாஷைகளின் பெயரை இட்டிருப்பது இம்மறுப்பை மேலும் கூர்மையாக்குகிறது.

இதற்கு இருவகையில் விடையிறுக்கலாம். முதலாவது, சுருதியில் வேறுபாடு இல்லை என்பது மேலோட்டமாகக் கேட்பவனின் கூற்று. சுயம்பு காந்தாரத்தைக் கேட்டவன் அவ்வாறு சொல்லான். இரண்டாவது, பவுல் அவ்வதிகாரத்தில் கையாளும் அளவுகோல் ஓசையின் தெளிவு மட்டுமன்று. சபை கட்டப்படுகிறதா என்பதே அவருடைய இறுதி அளவுகோல். அந்நிய பாஷையையும் அவர் தடைசெய்யவில்லை; அதனை விளக்குவோன் இல்லாதபோது சபையில் பேசாமலிருக்கவே பணிக்கிறார். ஆதலின் நாம் கேட்கவேண்டிய வினா, இவ்வொலிக்குப் பொருள் உண்டா என்பதன்று. இதனைக் கேட்டு எழுந்தவன் தன் அயலானுடைய சொல்லை முன்னிலும் நன்றாகக் கேட்கிறானா என்பதே. இத்தொகுப்பை இந்த அளவுகோலால்தான் அளத்தல் வேண்டும். திருவண்ணாமலை போற்றும் மௌனத்தையும் நம் பிரசங்கங்களையும் அளக்கவேண்டியதும் இதனாலேயே.

4. அண்ணாமலையும் மௌனமும்

இந்நகரின் மரபு மௌனத்தைச் சொல்லுக்குப் பகையாக நிறுத்துகிறது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வளவு எளிதன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் இந்நகரோடு பிணைந்தவர். தமிழில் சந்தமும் தாளமும் சொற்செறிவும் மிக்க பாடல்களைத் தேடினால் அவருடைய திருப்புகழுக்கே செல்லவேண்டும். ஆனால் பேச்சறச் சும்மா இருக்கும் நிலையைத் தமக்குக் கிடைத்த உபதேசமாகப் பாடியவரும் அவரே. சொல் பெருகிய வாயும் சொல் அடங்கிய உள்ளமும் ஒருவரிடத்திலேயே கூடின. 1896-இல் சிறுவனாக இங்கு வந்து 1950-இல் மறையும்வரை வேறெங்கும் செல்லாத ரமணரும், தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் பேசாதிருந்தார். பின்னர் வந்தவர்களோடு உரையாடினார், பாடல்களும் இயற்றினார்.

கிறிஸ்தவர்களுள் இம்மௌனத்தைத் தேடி வந்தவர்களில் முதன்மையானவர் அபிஷிக்தானந்தர். பிரான்சு நாட்டுப் பெனடிக்டின் துறவியான இவர் 1949-இல் இங்கு முதன்முதல் வந்தார். 1950-இல் மோன்ஷானனோடு குளித்தலைக்கருகே சாந்திவனத்தை நிறுவினார். அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் பலமுறை இம்மலைக் குகைகளில் தனித்துத் தங்கினார். தம் திருப்பலியையும் சங்கீத ஜெபங்களையும் குகைக்குள்ளும் அவர் கொண்டுசென்றார். சொல்லுக்கும் மௌனத்துக்கும் இடையே அவருக்குள் நிகழ்ந்த போராட்டத்தை அவருடைய நாட்குறிப்புகள் காட்டுகின்றன. அவர் கண்ட முடிவுகளை நாம் ஏற்காதிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட கேள்வியை, இதே நகரில் அதைவிட நெடுங்காலமாக வாழும் நாம் ஏன் கேட்கவில்லை என்பது நம்மைச் சிந்திக்கவைக்க வேண்டும்.

திருமறையோ இக்கேள்வியை நமக்கு அந்நியமாக வைக்கவில்லை. ஓரேபில் எலியாவுக்குக் காற்றும் நிலநடுக்கமும் அக்கினியும் கடந்தபின் வந்தது எது? 1 இராஜா. 19:12-இல் உள்ள எபிரேயத் தொடரை நம் பழைய திருப்புதல் மென்மையான ஒலி என்ற பொருளில் கொள்கிறது. மூலத்தில் 'கோல்' என்பது குரல் அல்லது ஒலி. அதனோடு இணைந்த 'தெமாமா' என்பதோ மௌனத்தைக் குறிப்பது. மௌனமும் ஒலியும் ஒரே தொடரில் முரண்பட்டு நிற்கின்றன. மலையையே அக்கினியின் வடிவமென்று கொண்டாடும் நகரில் வாழும் நாம், அக்கினிக்குப்பின் எலியா கேட்டதை இன்னும் கவனமாகப் படித்தல் தகும். அங்கே மௌனம் உரையாடலின் முடிவன்று. அதற்குப்பின் எலியாவுக்கு ஒரு கேள்வி வருகிறது. கேள்விக்குப்பின் கட்டளை வருகிறது. அவன் குகையை விட்டு, சிரியாவின் அரசியலுக்கும் இஸ்ரவேலின் அரசியலுக்கும் திருப்பி அனுப்பப்படுகிறான். சுருதிக்குப்பின் பாட்டு வருவதுபோல, மௌனத்துக்குப்பின் அங்கே அனுப்புதல் வருகிறது.

5. சுமத்தப்பட்ட மௌனம்

இவ்விடத்தில் வலிமையான மறுப்பு ஒன்று எழும். அது எழவும் வேண்டும். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, 2005-இல் மறைந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்ற பெயரால் நம் சபைகளில் அறியப்பட்டவர். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளும் மேலைநாட்டு ஞானப்பாட்டுகளும் ஒடுக்கப்பட்ட கிராமத்துக் கிறிஸ்தவனின் குரலை அவனிடமிருந்து பறித்தன என்பது அவருடைய வாதம். நாட்டார் இசையே, அதிலும் பறையின் ஒலியே, அம்மக்களின் விடுதலைக்கு ஏற்ற மொழி என்று அவர் போதித்தார். போதித்ததோடு நில்லாது பாட்டுகளும் வழிபாட்டு முறைகளும் இயற்றினார். அவர் வழிநின்று ஒருவர் நம்மைக் கேட்கலாம்: தலைமுறை தலைமுறையாக வாய்திறக்க விடப்படாத மக்களுக்கு மௌனத்தின் மேன்மையைப் போதிப்பது எத்தகைய சுவிசேஷம்? தம்புராவின் நுண்ணொலியைக் கேட்கும் ஓய்வு எவருக்கு உண்டு? சேரியின் பறையொலியைத் தீட்டென்று ஒதுக்கிய காதுகள்தாமே சுருதியின் நுட்பத்தையும் புகழ்ந்தன?

இம்மறுப்பை நாம் முழுமையாக ஏற்கிறோம். ஏற்பதனாலேயே இத்தொகுப்பின் உண்மையான பயனும் தெளிவாகிறது. எபிரேயத்தில் 'தூமிய்யா' என்றொரு சொல் உண்டு. சங்கீதம் 65-இன் தொடக்கத்தில் அது துதியோடு இணைந்து வருகிறது. மௌனமே தேவனுக்குத் துதி என்று அதற்குப் பொருள்கொள்ள இடமுண்டு. நம் பழைய திருப்புதல் அதனைக் காத்திருத்தலாகக் கொள்கிறது. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்போ மௌனத்தை விட்டுவிட்டு, துதிப்பாட்டு தேவனுக்குத் தகும் என்ற கருத்தைத் தருகிறது. அதே 'தூமிய்யா' சங்கீதம் 39-இலும் வருகிறது. அங்கே பேசுபவன் துன்மார்க்கனுக்குமுன் தன் வாயைக் கட்டிக்கொண்டவன். நலமானதைச் சொல்லவும் வாய்திறவாதவன். அதனால் உள்ளே துக்கம் பெருகி, நெஞ்சு கனன்று, இறுதியில் வாய்விட்டுக் கதறுகிறவன். துதியாகிய மௌனத்துக்கும் துயராகிய மௌனத்துக்கும் திருமறை ஒரே சொல்லை வழங்குகிறது. சொல் ஒன்றாயினும் நிலை ஒன்றன்று. முன்னது அன்பினால் தேர்ந்துகொண்டது. பின்னது அச்சத்தினாலோ நோயினாலோ ஒடுக்குமுறையினாலோ சுமத்தப்பட்டது. பின்னதைத் தேவன் துதியாக ஏற்பதாகத் திருமறை எங்கும் கூறவில்லை. அதனை உடைத்துக்கொண்டு வரும் கதறலையே அவர் கேட்கிறார். எகிப்தில் அடிமைகளின் பெருமூச்சைக் கேட்ட தேவன் அவரே.

இவ்விரு மௌனங்களையும் வேறுபடுத்தி அறிய நமக்குப் பயிற்சி பெற்ற செவி தேவை. இங்கேதான் சுருதியின் பாடம் பயன்படுகிறது. எவரும் மீட்டாததால் அங்கே ஒலியே இல்லை என்று நாம் எண்ணியிருந்த காந்தாரம், கேட்கப் பழகியபின் ஒலிக்கிறது. சபையில் வாய்திறவாத விதவையும், குழுக்கூட்டத்தில் கடைசி வரிசையில் அமரும் கூலியாளும், நோயால் குரலிழந்த முதியவரும் பேசாதவர்கள் என்று நாம் எழுதிவைத்திருக்கிறோம். அவர்கள் பேசவில்லையா, நாம் கேட்கவில்லையா? பறையின் முழக்கம் இக்கேள்வியை வெளியிலிருந்து எழுப்புகிறது. சுருதி இதனைச் செவிக்குள்ளிருந்து எழுப்புகிறது. இரண்டும் பகையல்ல. பறையொலிக்கிற மக்களின் குரலைக் கேளாத செவி தம்புராவில் எவ்வளவு நுட்பம் கண்டாலும் அது பயிற்சி பெற்ற செவியன்று, பழக்கப்பட்ட செவியே.

6. தொகுப்பின் குறை

மேற்கூறிய அளவுகோலைக் கொண்டு நோக்கும்போது இத்தொகுப்பின் குறையும் புலப்படுகிறது. கேட்போர் ஒவ்வொருவரும் சுருதிக்குள் தமக்குரிய மெட்டைக் கண்டடையலாம் என்பது இதன் அழைப்பு. நாம் கேட்டது காந்தாரமாயிருக்க, அருகில் இருப்பவர் பஞ்சமத்தைப் பற்றிக்கொண்டு வேறொரு மெட்டில் திளைத்திருக்கலாம். அவரவர் கேட்டது அவரவர்க்கு. இது செவிக்கு விடுதலை தருகிறது; ஆனால் சபையை உருவாக்குவதில்லை. சுருதியின் இயல்பான பணி பலரை ஒன்றாகப் பாடவைப்பது. பாட்டிலிருந்து பிரிக்கப்பட்ட சுருதியோ ஒவ்வொருவரையும் தனித்தனியே தியானிக்க அனுப்புகிறது.

மற்றொரு குறை, இதன் ஒலிகள் தம் ஊரையும் மக்களையும் இழந்து நிற்பது. பல மரபுகளின் சாயல்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒன்றோடொன்று இழைக்கப்பட்டிருக்கின்றன. அந்த இணைப்பில் அழகு உண்டு. எல்லை கடந்த உறவு ஒன்றின் முன்சுவையும் உண்டு. எனினும், தலைப்பில் வரும் மூதாட்டி எந்தத் தெருவைச் சேர்ந்தவள், எவருடைய துக்கத்துக்கு ஒப்பாரி வைத்தவள் என்று தொகுப்பு சொல்வதில்லை. தலைப்பில் எலும்பும் உண்டல்லவா? எசேக்கியேல் 37-இன் பள்ளத்தாக்கில் எலும்புகள் ஒன்றோடொன்று சேரும்போது முதலில் எழுந்தது ஓர் ஓசையே. அவ்வோசைக்குப்பின் நரம்பும் தசையும் தோலும் வந்தன. ஆயினும் ஆவி இன்னும் இல்லை. ஆவி வந்தபின்பே அவை ஒரு சேனையாகக் காலூன்றி நின்றன. இத்தொகுப்பு அந்த முதல் ஓசையை நமக்குக் கேட்கத் தருகிறது. அதன் சிறப்பும் அதுவே, எல்லையும் அதுவே. காலூன்றி நிற்கும் மக்களை அதனிடம் தேடுவது முறையன்று. அது சபையின் பணி.

7. நம் வழிபாட்டுக்கு

இவ்வாய்விலிருந்து நம் வழிபாட்டுக்கு மூன்று குறிப்புகளை முன்வைக்கிறோம். முதலாவது, திருமறை வாசிப்புக்கும் பிரசங்கத்துக்கும் இடையே உண்மையான ஓர் இடைவெளி விடப்படல் வேண்டும். இன்று அவ்விடைவெளியை மின்விசைப்பலகையின் மெல்லிசையால் நிரப்பிவிடுகிறோம். அது சூழலிசையே, செவிப்பயிற்சி அன்று. இரண்டாவது, சங்கீதத்தையோ கீர்த்தனையையோ தொடங்குமுன் சுருதியை மட்டும் சற்று நேரம் ஒலிக்கவிட்டு, சபையார் அனைவரும் அதனைக் கேட்டபின் பாடுதல் நன்று. தனித்தனியே கேட்டவர்கள் ஒன்றாகப் பாடும்போது, தொகுப்பு தரவியலாத நிறைவைச் சபை பெறும். மூன்றாவது, வழிபாட்டில் மௌனத்துக்கு இடமளிக்கும் ஆயர், அதே அளவு பொறுப்போடு இதுவரை பேசாதோர் பேசுவதற்கும் இடமளிக்கக் கடமைப்பட்டவர். பறைக்கு இடமில்லாத ஆலயத்தில் மௌனத்துக்கும் நியாயமான இடம் இல்லை. சாட்சி சொல்ல ஒருவரை எழுப்பாத மௌனம், 39-ஆம் சங்கீதத்தின் மௌனத்தை நீட்டிப்பதாகவே முடியும்.

இறையியல் மாணவர்கள் இத்தொகுப்பின் ஒரு பகுதியையாவது, வேறு வேலை எதுவும் செய்யாமல், இருமுறை கேட்குமாறு பரிந்துரைக்கிறோம். முதன்முறை பெரும்பாலும் சலிப்பே தோன்றும். இரண்டாம் முறை, எவரும் மீட்டாத ஒரு சுரம் செவியில் படலாம். அதன்பின் தம் சபைக்குச் சென்று, அங்கு எவர் எப்போதும் பேசாதிருக்கிறார் என்று கவனிப்பார்களாக.